தாய்ப்பால் தரும் காவலும் சாந்தமும்

குன்றிமணி விஷமும் சுண்டெலிக் குஞ்சும்

குன்றிமணியிலும் ஆமணக்கு விதையிலும் உள்ள கொடிய விஷங்களைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றைத் தாங்கும் வலிமையைச் சுண்டெலிகளுக்கு உண்டாக்கிய ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக், 1892ஆம் ஆண்டில், அவ்வலிமை பெற்ற தாயின் குஞ்சுகளைச் சாதாரணத் தாயிடமும், சாதாரணத் தாயின் குஞ்சுகளை வலிமை பெற்றவளிடமும் மாற்றிவிட்டுப் பாலூட்டச் செய்தார். விஷத்தைத் தாங்கும் சக்தி பாலின் வழியாகவும் குஞ்சுகளைச் சென்றடையும் என்பது அப்பரிசோதனையால் ஐயமற விளங்கிற்று.

எதிர்ப்பதும் அடக்குவதும்

மனித சிசுவுக்குப் பாலில் வரும் எதிர்ப்பொருள்களில் பிரதானமானது இம்யூனோகுளோபுலின் ஏ. தாயின் குடலுக்குள் புகுந்த கிருமிகளை இனங்கண்டுகொண்ட அணுக்கள் இரத்தத்தோடு மார்பை அடைந்து இதனை உற்பத்தி செய்வதால், அவள் எந்த வீட்டில் உண்டு, எந்த நீரைப் பருகி வாழ்கிறாளோ, அந்தச் சூழலின் கிருமிகளுக்கு ஏற்ற பாதுகாப்பே குழந்தைக்குக் கிடைக்கிறது. எளிதில் ஜீரணமாகிவிடாத இப்பொருள் கிருமிகளைக் குடற்சுவரில் ஒட்டவிடாமல் பற்றிக்கொள்கிறதேயன்றி, அங்கே அழற்சியை மூட்டுவதில்லை.

என்னை மிகவும் வியக்கச் செய்வது இந்த நிதானமே. பிறந்த சிசுவின் சரீரம் எதிர்ப்படும் ஒவ்வொன்றையும் பகையென்று கருதிப் பொங்கி எழுமானால், அந்தக் கொந்தளிப்பே அதன் இளங்குடலைப் புண்ணாக்கிவிடும். பாலிலுள்ள டிஜிஎஃப் பீட்டா, இன்டர்லூகின் 10 ஆகிய புரதங்கள் அக்கொந்தளிப்பைத் தணிக்கின்றன; கிருமிகளுக்கு இரும்புச்சத்து எட்டாமல் செய்யும் லாக்டோஃபெரினும் அழற்சியைக் குறைக்கிறது. சிசுவால் ஜீரணிக்க இயலாத சர்க்கரைகள் ஏறக்குறைய 200 வகை பாலில் இருப்பது வீண்செலவு போலத் தோன்றலாம். ஆனால், பைஃபிடோ முதலிய நல்ல பாக்டீரியாக்களைக் குடலில் குடியேற்றிப் போஷிக்கும் ஆகாரம் அவையே.

சீம்பாலைக் கொட்டாதீர்கள்

இவற்றுட் பல செறிந்து விளங்குவது முதல் சில நாட்களில் மஞ்சள் நிறமாய்ச் சுரக்கும் சீம்பாலில்தான். அதனைக் கெட்ட பாலென்று பீய்ச்சி எறிந்துவிட்டு, சேனை தொடுவதாகச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாவில் தடவுவது பெருந்தவறு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனால் பாட்யூலிசம் என்னும் விஷநோய் வரவும் கூடும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் மார்பில் சேர்த்து, 6 மாதம் வரை தண்ணீர்கூடத் தராமல் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுவது உத்தமம்.

குறைமாத சிசுவாயின், பெற்றவளின் பாலைப் பீய்ச்சி, மருத்துவர் சொன்ன முறையில் குழாய் வழியாகவோ பாலாடையாலோ புகட்டலாம். தாய்ப்பால் வங்கியின் பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைப்பதால் உயிரணுக்கள் அழிந்து எதிர்ப்பொருளும் ஓரளவு குறையுமாதலால், பெற்றவளின் பால் போதாதபோதே அதனை நாட வேண்டும். தாய்க்குச் சளியோ சாதாரணக் காய்ச்சலோ கண்டால் சிலர் பாலை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், அந்நோய்க்கான எதிர்ப்பொருளையே அவள் உடல் அப்போது தயாரித்துக்கொண்டிருக்கிறது. ஆகையால், கைகளைக் கழுவி, மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொண்டு, வழக்கம்போல் பாலூட்டி வரலாம்.