பழைய லாரி எஞ்சின்: பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

மானாவாரியை நம்பியிருக்கும் சாத்தூர் வட்டாரத்தில், நிலத்தோடு ஒரு பழைய லாரியையும் வைத்துக் காலம் தள்ளுகிற குடும்பங்கள் உண்டு. பருத்தி, மக்காச்சோளம் எடுக்கும் காலத்தில் விருதுநகர் நடை. கோடையில் கண்மாய்க் கரம்பை அடிப்பு. மற்ற நாட்களில் தீப்பெட்டிச் சரக்குக்கு வாடகை. மழை தவறிய வருஷத்தில் வீட்டுக்கு அரிசி வருவது இந்த வாடகையில்தான். தனியாக வாங்க வசதியில்லாதவர்கள் இரண்டு மூன்று பேர் பங்கு போட்டும் வாங்குகிறார்கள். இப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் நீலப் புகை கக்கி, ஏற்றத்தில் இழுக்காமல் நின்றால், வீட்டிலுள்ள நகை அடகுக்குப் போகிறது. அந்தப் பணம் எஞ்சினுக்கு உயிர் கொடுக்குமா, அடுத்த வெள்ளாமைக்குள் மறுபடியும் கையை விரிக்க வைக்குமா என்பது பெரும்பாலும் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பழைய டீசல் எஞ்சினைப் புதுப்பிப்பது நம் பக்கத்தில் நடக்கக்கூடிய காரியம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் 1950-ல் இங்கிலாந்து லேலண்டு கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. டாட்டா கம்பெனி 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. அந்தக் கூட்டு 1969-ல் முடிந்தது. சிம்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் எஞ்சினைச் சென்னையிலேயே தயாரித்தது. இவற்றுக்கு வேண்டிய பிஸ்டனும் ரிங்கும் செய்ய இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லும், வால்வு செய்ய ரானே 1959-லும் சென்னையில் ஏற்பட்டன. டீசல் பம்பும் நாசிலும் செய்யும் மைக்கோ 1951-ல் பெங்களூரில் வந்தது. 2008 முதல் அதன் பெயர் பாஷ். இவற்றில் பல எஞ்சின்கள் பிறந்த இடமும் உதிரி பிறந்த இடமும் ஒரு ராத்திரிப் பயண தூரத்துக்குள் இருந்ததால், நெடுஞ்சாலை ஓரத்து லேத் பட்டறைகளுக்கு இந்த எஞ்சின்களின் ஒவ்வொரு அளவும் மனப்பாடம். கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய இன்றைய எஞ்சின்களுக்கு இந்த வசதி கிடையாது.

புகையைப் படியுங்கள்

வண்டி இழுக்கவில்லை என்றதும் "எஞ்சினை இறக்கிவிடலாம்" என்று சொல்லும் மேஸ்திரியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல வேண்டும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் போகிறது, அல்லது காற்று போதவில்லை. ஏர் கிளீனர் அடைத்திருந்தாலும், நாசில் பூவாகத் தெளிக்காமல் சொட்டினாலும் இப்படித்தான் வரும். இவற்றைச் சரி செய்ய எஞ்சினை இறக்கத் தேவையில்லை. நாசிலைக் கழற்றிப் பரிசோதனை மேஜையில் வைத்துப் பார்ப்பது சில்லறைச் செலவு. அப்படிப் பார்க்கும்போது தெளிப்புக்கு நேரே விரலை நீட்டக்கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் வரும் டீசல் தோலைத் துளைத்து ரத்தத்தில் ஏறும். விரலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு.

வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வருவது குற்றமில்லை. சூடான பிறகும் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. ஆயில் குச்சியில் பால் கலந்த மாதிரி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அதில் ஒரு நடைகூட ஓட்டலாகாது; பேரிங் போய்விடும். நீலப் புகைதான் ஆயில் எரிகிற புகை. அதோடு பிரீதர் குழாயிலிருந்து ரயில் எஞ்சின் மாதிரி ஆவி அடித்தால், ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. டீசலுக்கென்று உள்ள கம்ப்ரஷன் மீட்டரை வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தால், எது நோயாளி என்று தெரிந்துவிடும். ஆறில் ஒன்று மட்டும் குறைகிறதென்றால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட்டாகவும் இருக்கலாம். எல்லாமே குறைந்திருந்தால்தான் முழு வேலை.

இரண்டு சத்துருக்கள்

டீசல் எஞ்சின் வயதினால் சாவது குறைவு. இந்தப் பக்கம் அதைக் கொல்வது புழுதியும் உப்புத் தண்ணீரும். ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்று ஓடும்போது மணிக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. ஏழாயிரம்பண்ணைப் பக்கமோ, இருக்கன்குடிப் பக்கமோ மண் பாதையில் முன்னால் ஒரு வண்டி போக, பின்னால் இது போனால், அந்தக் காற்றில் எவ்வளவு புழுதி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மணல் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஆயிலோடு சேர்ந்தால் அது சாணைக்கல் பசையாகிவிடுகிறது.

பழைய வண்டிகளில் உள்ள ஆயில் கிண்ண ஏர் கிளீனர் நல்ல சாதனம்தான். ஆனால் அதற்குள் ஆயில் இருக்க வேண்டும்! கரம்பை அடிக்கும் நாட்களில் தினசரி கிண்ணத்தைத் திறந்து பார்த்து, அடியில் சேறு படிந்திருந்தால் கழுவி, கோடு வரைக்கும் புது ஆயில் விட வேண்டும். கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் கிளீனர் இருந்தும் இல்லாததுதான். புது லைனர் போட்டுப் பழைய வெடித்த குழாயையே மாட்டிக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. அந்தக் குழாயை வண்டிக்காரர் தம் கண்ணால் பார்த்து வாங்குவது நல்லது.

அடுத்தது தண்ணீர். வைப்பாற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்கள் சொற்பம். கிணற்றிலும் போரிலும் கிடைப்பது பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். அதையே ரேடியேட்டரில் ஊற்றி வந்தால், வெந்நீர்ப் பானையில் படிவது போல பிளாக்கின் உள்ளறையில் வெள்ளைப் படிவு ஏறுகிறது. படிவு சூட்டைக் கடத்தாது. மீட்டர் முள் சரியாகக் காட்டினாலும், கடைசிச் சிலிண்டர் மட்டும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். பிளாக் பிரித்துக் கிடக்கும்போதே டம்மி பிளக்குகளைத் தட்டி எடுத்து, உள்ளே சுரண்டிக் கழுவ வேண்டும். பிறகு மழைத் தண்ணீரையோ காய்ச்சி வடித்த தண்ணீரையோ கூலண்டு கலந்து ஊற்றலாம். தண்ணீர் நேராகப் படும் ஈர லைனர் உள்ள எஞ்சினுக்குக் கூலண்டு கட்டாயம் என்றே சொல்லலாம். வெறும் தண்ணீரில் ஓடும்போது லைனர் அதிர்ந்து, அதன் வெளிப்புறத்தில் நுண்ணிய குமிழிகள் உண்டாகி உடைந்து, அம்மைத் தழும்பு போலக் குழி விழுகிறது. நாளடைவில் ஓட்டையே ஆகிறது.

அளந்த பிறகே உதிரி

எஞ்சினைப் பிரித்ததும் கடைக்குச் சீட்டு எழுதுவது தவறு. முதலில் அளவு. சிலிண்டரை மேல், நடு, அடி என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும். பிளாக்கிலேயே சிலிண்டர் உள்ள எஞ்சினாக இருந்தால் போர் செய்து, பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று பட்டறையில் சொல்லும் பெரிய அளவு பிஸ்டன் போடலாம். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் இந்த எண்கள் வருகின்றன. இருபது போதுமென்ற இடத்தில் நாற்பது போட்டால், அடுத்த தடவைக்கு மிச்சம் இருக்காது. கிராங்க் ஷாப்டுக்கும் இதே கணக்குத்தான். அங்கே அளவு குறைந்துகொண்டு போகும். சாணை பிடிக்கும்போது ஜர்னலின் மூலையில் உள்ள வளைவை அப்படியே விட வேண்டும். மூலையைக் கூராக்கிவிட்டால் கிராங்க் அந்த இடத்தில்தான் ஒடியும்.

போர் செய்து, குறுக்குக் கோடு இழுத்து வந்த சிலிண்டரை டீசலால் துடைத்தால் போதாது. கல்பொடி அந்தக் கோடுகளில் ஒளிந்திருக்கும். சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்காத வரைக்கும் கழுவி, உடனே ஆயில் தடவ வேண்டும். காசு செலவில்லாத இந்த வேலைதான் அவசரத்தில் அதிகம் விட்டுப்போகிறது. ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியைப் பார்க்காமல் மாட்டினால், சூட்டில் வாய் முட்டிச் சிலிண்டரைக் கீறும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று தவணையாக, டார்க் ஸ்பானரில்தான் முறுக்க வேண்டும். "கை பலமே கணக்கு" என்ற காலம் மலையேறிவிட்டது.

இவ்வளவும் செய்யத் தகுதி உள்ள எஞ்சின்தானா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிளாக் வெடித்திருந்தாலோ, கிராங்க் கடைசி அளவையும் தாண்டியிருந்தாலோ செலவைத் தொடங்காமலே இருப்பது லாபம். 15 வருஷம் தாண்டிய லாரிக்குத் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்ந்திருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மறுபக்கம், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடிய வண்டி நாலரை ஓடினால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 28 லிட்டர் டீசல் மிச்சம். மாதம் எத்தனை ஆயிரம் ஓடும் என்பதைப் போட்டுப் பார்த்தால், நகை எப்போது வீடு திரும்பும் என்று தெரியும்.

தேய்ந்த எஞ்சினை "இந்த சீசன் மட்டும்" என்று ஓட்டுகிறவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. பிரீதர் குழாய் காற்றுப் பாதையில் சேர்ந்திருக்கும் எஞ்சின், தன் ஆயிலையே இழுத்து எரித்து, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் வெறி பிடித்த மாதிரி ஏறிக்கொண்டே போகும். அப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியரில் கிளச்சை விட்டால் நின்றுவிடும். இல்லையென்றால் காற்று வாயைக் கனமான பலகையால் மூட வேண்டும். கையை வைத்து மூடினால் கை போகும். தீப்பெட்டி, பட்டாசு ஏற்றும் இந்தச் சீமையில், ஆயில் எரியும் எஞ்சினின் சைலன்சரில் கரி சேர்ந்து பொறி பறப்பதும் சாதாரண விஷயமல்ல. அப்படிப்பட்ட வண்டியைச் சரக்குக் கொட்டகைப் பக்கமோ வைக்கோல் படப்புப் பக்கமோ விடவே கூடாது.

வேலை முடிந்த எஞ்சினை முதல் தடவை கிளப்பும் முன், ஆயில் பில்டரை நிரப்பி, டீசலை நிறுத்தி வைத்துச் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகே டீசல் விட வேண்டும். புது எஞ்சின் என்று செல்லம் கொடுத்து, நாள் முழுக்க நின்ற இடத்திலேயே மெதுவாக ஓட விடுவதும் தப்பு. ரிங் படியாமல் சிலிண்டர் கண்ணாடி போல வழவழத்து, மறுபடி ஆயில் அடிக்கும். முதல் 500 கிலோமீட்டருக்குப் பாதியிலிருந்து முக்கால் பாரம் ஏற்றி, ஏற்றத்தில் திணற விடாமல் கியரைக் குறைத்து ஓட்டலாம். பிறகு ஆயிலையும் பில்டரையும் மாற்றி, டேப்பட் இடைவெளியைப் பார்க்க வேண்டும். கம்பெனிப் புத்தகம் சொன்னால் ஹெட்டையும் ஒரு முறுக்கு முறுக்கலாம். வடித்த ஆயிலை வெள்ளைத் துணி வழியே ஊற்றிப் பாருங்கள். ஆரம்பத்தில் நுண்ணிய துகள் மினுங்குவது இயற்கை. செதில் செதிலாக வந்தால், அடுத்த லோடு ஏற்றாமல் வண்டியை நேரே பட்டறைக்கு விடுங்கள்.