கணக்கில் விடுபடும் மனிதர்கள்

ஆஸ்திரேலிய அரசமைப்புச் சட்டத்தில் 127-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடியினரைச் சேர்க்கக் கூடாது என்றது அப்பிரிவு. 1967-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஆதரித்ததால் அது நீக்கப்பட்டது. சட்டம் மாறிவிட்டது; கணக்கு முழுமையடைந்துவிட்டதா என்பதே என் கேள்வி.

2021 கணக்கெடுப்பில் தம்மைப் பூர்வகுடியினர் என்று பதிவு செய்தவர்கள் 8,12,728 பேர். விடுபட்டவர்களையும் சேர்த்து அந்நாட்டுப் புள்ளியியல் துறை பின்னர் வெளியிட்ட மதிப்பீடு, ஏறத்தாழ 9,83,700. அதாவது, 17 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கணக்கெடுப்பில் இடம்பெறவில்லை. ஒட்டுமொத்த ஆஸ்திரேலியாவுக்கு இந்த விடுபடல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்த இடைவெளி ஏன் ஏற்படுகிறது? தொலைதூரப் பகுதி ஒன்றை உற்றுநோக்கினால் விடை கிடைக்கும் என்று கருதுகிறேன்.

தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ளது ‘ஏபிஒய் நிலங்கள்’ எனப்படும் பகுதி. பிட்ஜன்ட்ஜட்ஜாரா, யங்குனிட்ஜட்ஜாரா மொழிகளைப் பேசும் அனங்கு மக்களின் தாயகம் அது. 1981-இல் மாநில நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான அந்நிலம் அவர்களுக்கே உரியது. அதை விற்க முடியாது. வெளியார் நுழைய அனுமதி பெற வேண்டும். மாநிலப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமான இவ்விடத்தில் வாழ்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். புகட்ஜா, அமாட்டா, மிமிலி, இந்துல்கானா போன்ற சிறு குடியிருப்புகளில் அவர்கள் பரவியிருக்கிறார்கள்.

இத்தகைய ஊர்களில் கணக்கெடுப்பாளர்கள் நேரில் சென்று, பல வாரங்கள் தங்கி விவரம் திரட்டுகிறார்கள். ஆனால், அவர்கள் கையில் இருக்கும் படிவம் நகரத்துக் குடும்பத்தை மனத்தில் கொண்டு வரையப்பட்டது. இந்த வீட்டில் வழக்கமாக வசிப்பவர் யார், அவர் படிவத்தில் முதல் நபராகக் குறிக்கப்பட்டவருக்கு என்ன உறவு என்று அது கேட்கிறது. அனங்கு மக்களுக்கு ‘வழக்கமான வீடு’ ஒன்றே ஒன்றாக இருப்பதில்லை. உறவினர் வாழும் பல ஊர்களும் அவர்களுக்குச் சொந்த ஊர்களே. ஒரு மரணம் நேர்ந்தால் அந்த வீட்டைவிட்டுக் குடும்பமே வெளியேறி வேறிடத்தில் துக்கம் காக்கும். இறந்தவரின் பெயரை உச்சரிப்பதில்லை. அதே பெயர் கொண்ட மற்றவர்களையும் மாற்றுப் பெயரால் அழைப்பார்கள். பெயரையும் முகவரியையும் நம்பும் கணக்கெடுப்பு இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை.

உறவுமுறையும் அப்படியே. பிட்ஜன்ட்ஜட்ஜாரா மொழியில் தந்தையையும் தந்தையின் சகோதரர்களையும் குறிப்பது ஒரே சொல். தாயின் சகோதரருக்குத் தனிச் சொல் உண்டு. பெரியப்பாவையும் சித்தப்பாவையும் ‘அப்பா’ என்ற சொல்லுக்குள் வைத்து, மாமனைத் தனியே பிரித்துப் பேசும் தமிழருக்கு இது எளிதில் விளங்கும். அனைவரையும் ‘அங்கிள்’ என்று அடக்கும் ஆங்கிலப் படிவத்துக்குத்தான் விளங்காது.

இது வெறும் புள்ளிவிவரச் சிக்கல் அன்று. பிட்ஜன்ட்ஜட்ஜாரா நிலத்தில் அனங்கு மக்களின் சுகாதார மன்றம் 1987-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டவும், துணி துவைக்கவும், கழிவை அகற்றவும் வீடு உதவுகிறதா என்று அது கேட்டது. அதன் தொடர்ச்சியாகப் பல பகுதிகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் சோதிக்கப்பட்டன. குழாயும் கழிவறையும் பழுதானதற்குப் பெரும் காரணம் பராமரிப்பின்மையும் தரமற்ற கட்டுமானமும்தான்; குடியிருப்போர் சேதப்படுத்தியதால் பழுதானவை பத்தில் ஒரு பங்கு அளவே. ‘அவர்களுக்கு வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாது’ என்ற வசைக்கு இதுவே பதில். ஐந்து பேருக்கென அமைத்த கழிவுநீர்த் தொட்டியைப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தினால் அது நிரம்பி வழியும். அந்தப் பன்னிரண்டு பேர் கணக்கில் ஐந்தாகவே இருந்தால், அடுத்த தொட்டியும் ஐந்து பேருக்கே கட்டப்படும்.

பூர்வகுடியினரில் தொலைதூரப் பகுதிகளில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 15 சதவீதத்தினர்தான். ஆனால், பாதிப்பு அங்கேதான் கூடுதல். 2020–22 மதிப்பீட்டின்படி, பூர்வகுடி ஆண்களின் சராசரி ஆயுட்காலம் 71.9 ஆண்டுகள், தொலைதூரப் பகுதிகளில் அது 67.3 ஆண்டுகள். மறுபுறம், இது இளைய சமூகம். பூர்வகுடியினரில் மூன்றில் ஒருவர் 15 வயதுக்கு உட்பட்டவர். இன்று விடுபடும் குழந்தைக்கு நாளை வகுப்பறையும் மருத்துவ ஊழியரும் குறையும் அபாயம் உண்டு. ஆஸ்திரேலியாவில் மாநிலங்களுக்கான வரிப் பங்கீடும் நாடாளுமன்ற இடங்களும் மக்கள்தொகையைச் சார்ந்தவை. பூர்வகுடியினர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக உள்ள வட ஆட்புலம், தன் இரு மக்களவை இடங்களில் ஒன்றை இழக்கும் நிலை 2020-இல் வந்தது. தனிச் சட்டம் இயற்றித்தான் அது தடுக்கப்பட்டது.

தீர்வு கடினமானதன்று. கணக்கெடுப்பாளர்களாக அந்தந்த ஊர் மக்களையே பயிற்றுவித்து ஆண்டு முழுவதும் பணியில் வைக்கலாம். ஊரின் மருத்துவ நிலையத்துக்கும் பள்ளிக்கும் தெரிந்த எண்ணிக்கையை மக்களின் இசைவோடு ஒப்பிடலாம். வீட்டைத் திட்டமிடும்போது, படிவத்தில் உள்ளவர்களை மட்டுமன்றி, அங்கு உறங்குபவர்களையும் எண்ணலாம்.

எண்ணக் கூடாது என்று சொன்ன சட்டத்தை ஒரே நாள் வாக்கெடுப்பில் நீக்க முடிந்தது. எண்ணத் தெரியாத படிவத்தை மாற்றப் பொறுமையான உழைப்பு தேவை. ஆனால், அதற்கு அரசமைப்புத் திருத்தமோ பொது வாக்கெடுப்போ தேவையில்லை.