ஓட்ஸ் சாப்பிடச் சொல்லும் டாக்டர்கள்

சர்க்கரை நோயாளிக்கு ஓர் உணவுப் பட்டியல் தருவார்கள். காலையில் ஓட்ஸ், மதியம் சாலட், மாலையில் கிரீன் டீ. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளும் அம்மாவின் வீட்டு உலையில் கொதிப்பது ரேஷன் அரிசி. அடுத்த முறை சர்க்கரை குறையாமல் வந்து நின்றால், ‘சொன்னபடி கேட்காத நோயாளி’ என்று பெயர் வாங்குவதும் அவர்தான்.

ரமலான் மாதத்தில் முஸ்லிம் நோயாளிக்கு இன்னும் சிக்கல். ‘நோன்பு வைக்காதீங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், அவர் நோன்பும் வைப்பார், மாத்திரையையும் தன் இஷ்டத்துக்கு விழுங்குவார். முன்கூட்டியே வரச்சொல்லி, சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்தின் வேளையையும் அளவையும் மாற்றித் தரலாம். யார் நோன்பை அறவே தவிர்க்க வேண்டும் என்பதற்கும் வழிகாட்டுதல் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பயப்படும் கர்ப்பிணியிடமும், திட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஏம்மா சாப்பிடலை?

இப்படிக் கேட்கப் பழக்கும் பாடம் இல்லாமல் இல்லை. 2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து, நோயாளியிடம் பழகும் முறை ‘ஏட்காம்’ என்ற பெயரில் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பிறகு, மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பின்தொடரும் திட்டமும் வந்தது. அருமையான யோசனை. என் கவலையெல்லாம் அவர்கள் நிரப்பும் லாக்புக்கைப் பற்றித்தான். பஸ்ஸில் போய் இறங்கி, பி.பி. பார்த்து, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கினால் பக்கம் நிறைந்துவிடும். முதுநிலை நீட்டுக்கு ராத்திரி பகலாக மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, ரேங்க் தராத பாடம் பாடமே இல்லை.

‘கிருமிக்குச் சாதி மதம் ஏது? இருக்கிற சிலபஸே முடியவில்லை’ என்று சொல்லும் பேராசிரியர்களும் உண்டு. சிலபஸ் சுமை உண்மைதான். ஆனாலும் இதற்கு இடம் ஒதுக்கிய நாடும் உண்டு.

நியூசிலாந்தில் மாவோரி மக்களின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிடக் குறைவு. அங்கே 1992-லேயே செவிலியர் கல்வியில் நோயாளியின் பண்பாட்டை மதித்துப் பழகும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். மாவோரி செவிலியர் ஒருவரின் சிந்தனையில் உருவான அந்த முறையில், கவனிப்பு சரியாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் இடம் நோயாளிக்கு. ஆயுள் இடைவெளி இன்றும் மூடவில்லை; வறுமையை வகுப்பறை ஒழித்துவிடாது. ஆனால் யாரிடம் மதிப்பெண் கேட்பது என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. இங்கேயும் லாக்புக்கில் கையெழுத்துப் போடும் முன், தத்தெடுக்கப்பட்ட வீட்டுப் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே? ‘இந்தப் பையன் உட்கார்ந்து பேசினானா?’ என்றால் அவர் மறைக்காமல் சொல்வார்.

நம் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த முறை வார்டில் பயிற்சி டாக்டர் வந்து கேட்டால், வீட்டில் கொடுத்த கஷாயத்தையும் பாதியில் நிறுத்திய மாத்திரையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.