தம்தரி மெனோனைட் மிஷன்: பஞ்சகாலத்தில் உருவான நிலையம்

"மிஷனரிகள் ஏன் வந்தார்கள்?" என்று கேட்டால் பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "மதம் மாற்ற வந்தார்கள்" அல்லது "சேவை செய்ய வந்தார்கள்". இரண்டுமே அரைப் பதில்தான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

மெனோனைட்டுகள் யார்? 16-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் வாழ்ந்த மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் கிறிஸ்தவப் பிரிவினர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, ஆயுதம் ஏந்துவதில்லை. இதனால் பல நாடுகளில் துன்புறுத்தப்பட்டு, ஒரு பகுதியினர் அமெரிக்காவில் குடியேறி விவசாயம் செய்தார்கள்.

1896-97-இல் இந்தியாவில் கடும் பஞ்சம். அமெரிக்க மெனோனைட்டுகள் நன்கொடையும் தானியமும் திரட்டினார்கள். அதைக் கவனிக்க வந்த ஜார்ஜ் லாம்பர்ட், தான் கண்டதை 1898-இல் நூலாக வெளியிட்டார். உதவி அனுப்பியவர்கள் அடுத்து ஆட்களையும் அனுப்பினார்கள். 1899-இல் ஜே. ஏ. ரெஸ்லர், மருத்துவர் டபிள்யூ. பி. பேஜ், அவர் மனைவி ஆலிஸ் ஆகிய மூவர் வந்தார்கள். மத்திய மாகாணத்தில், ராய்ப்பூருக்குத் தெற்கே உள்ள தம்தரியைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அது சத்தீஸ்கர் மாநிலத்தில் இருக்கிறது.

வந்த கையோடு 1899-1900 பஞ்சம்! மழை பொய்த்தது; நெல்லை நம்பிய ஊர்கள் வாடின. மிஷன் நிவாரண வேலையில் இறங்கியது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் அதன் விடுதிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு பள்ளி, தொழிற்பயிற்சி, தொழுநோயாளர் இல்லம் என நிலையம் வளர்ந்தது. 1910-இல் தொடங்கிய தம்தரி கிறிஸ்தவ மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.

இங்கேதான் சிக்கலான கேள்வி. அந்தப் பிள்ளைகள் பலர் வளர்ந்து சபையின் முதல் உறுப்பினர்கள் ஆனார்கள். உயிர் பிழைத்தது உண்மை. ஆனால் சொந்த ஊரையும் உறவையும் விட்டு, அந்நியர் நடத்திய விடுதியில் வளர்ந்ததும் உண்மை. பசியில் வந்த பிள்ளைக்குத் தேர்வு செய்யும் சுதந்திரம் எவ்வளவு இருந்திருக்கும்? ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிஷன் அறிக்கைகளை எழுதியவர்கள் மிஷனரிகள்; படித்தவர்கள் நன்கொடையாளர்கள். பிள்ளைகள் தாங்களே சொன்னது அவற்றில் அரிது.

நம் கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கும் இது பொருந்தும். புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டங்களின் கதையைத் துரைமார் எழுதிய கணக்குகளை மட்டும் வைத்துச் சொன்னால், பால்மரம் வெட்டியவர் என்ன நினைத்தார்னு தெரியாது. தம்தரி பிள்ளைகளிடம் கேட்க இனி வழியில்லை. நம் தாத்தா பாட்டிகளிடம் இன்னும் கேட்கலாம்.

வரலாற்று ஆவணம் எதைப் படித்தாலும் மாணவர்கள் இந்த மூன்றைக் கேளுங்கள்:

1. இதை எழுதியது யார்?
2. யாருக்காக எழுதினார்?
3. இதில் யாருடைய குரல் இல்லை?

மூன்றுக்கும் விடை சேர்த்து எழுதினால் உங்கள் கட்டுரை ஒருபக்கமாகச் சாயாது.