‘கேப்டன் கொரெல்லியின் மாண்டலின்’: காதற்படத்துள் ஒரு படுகொலை

வரலாற்றுக் காதற்படங்கள் போர்க்கொடுமைகளைத் திரிப்பதற்குப் பொய்யான நிகழ்ச்சிகளைப் புனைய வேண்டுவதில்லை. யாருடைய துன்பம் காட்டப்படுகிறது, யாருடையது விடப்படுகிறது என்னும் தேர்வே போதும். லூயி டி பெர்னியரின் புதினத்தைத் (1994) தழுவி ஜான் மேடன் 2001இல் இயக்கிய ‘கேப்டன் கொரெல்லியின் மாண்டலின்’ இதற்குத் தக்க சான்றாகும்.

கதைக்களம் கிரேக்கத்தின் கெஃபலோனியாத் தீவு. 1941இல் அதனைக் கைப்பற்றிய இத்தாலியப் படையின் கேப்டன் கொரெல்லிக்கும், உள்ளூர் மருத்துவரின் மகள் பெலாகியாவுக்கும் இடையே முகிழ்க்கும் காதலே படத்தின் உயிர். 1943 செப்டம்பர் 8 அன்று நேசநாடுகளுடனான இத்தாலியின் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஆயுதங்களை ஒப்படைக்க மறுத்துப் போரிட்ட ஆக்வி படைப்பிரிவினர் சரணடைந்த பிறகும் செருமானியப் படையினரால் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக்கொல்லப்பட்டனர். தளபதி அன்டோனியோ காந்தின் செப்டம்பர் 24 அன்று கொல்லப்பட்டார். இப்படுகொலையைப் படம் மறைக்கவில்லை. ஆனால், தோழன் ஒருவனின் உடல் மறைப்பால் கொரெல்லி உயிர்தப்புகிறான்; அக்கணமே பார்வையாளரின் கவலை பிணக்குவியலை விட்டு அவன்மேற் சென்றுவிடுகிறது.

இதனினும் நுண்ணியது மற்றொரு திரிபு. ஆக்கிரமிப்பாளன் காதலுக்குரியவனாக வேண்டுமாயின் அவனுடைய படையும் குற்றமற்றதாகத் தோன்ற வேண்டும். எனவே இத்தாலிய வீரர்கள் இசைநாடகப் பாடல்களைப் பாடிக் கடற்கரையில் களிக்கின்றனர். அதே 1943இன் பிப்ரவரி 16 அன்று, தெசலிப் பகுதியின் தொமெனிகோ சிற்றூரில் ஏறத்தாழ 150 ஆடவரைக் கொன்றவர்களும் இத்தாலியப் படையினரே. அது வேறோர் இடத்தில் நிகழ்ந்தது எனப் படத்துக்காக வாதிடலாம். ஆயினும் ஓர் ஆக்கிரமிப்பின் முகமாக உலகப் பார்வையாளர் நினைவில் எஞ்சுவது மாண்டலினே. பின்னர் வரும் படுகொலை, இத்தாலியரை முற்றிலும் பலியானோராக மாற்றிவிடுகிறது. ஆக்கிரமிக்கப்பட்ட கிரேக்கர் பின்புலமாகின்றனர்.

அகத்திணையில் ஒருவரது இயற்பெயரைச் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய வரையறை இங்கு நினைக்கத்தக்கது. வேலில் கட்டிய வேம்பு என்னும் அடையாளம் ஒன்றைக் கொண்டே நெடுநல்வாடையைப் புறமெனக் கொண்டார் நச்சினார்க்கினியர். மெய்யான தீவையும் மெய்யான படுகொலையையும் கொண்ட இப்படம், வெறும் காதற்கதை என்று சொல்லித் தப்பிக்க இயலாது.

புதினத்தில் காதலர் முதுமையில்தான் மீண்டும் சந்திக்கின்றனர். படம் அந்நெடிய பிரிவையும் சில ஆண்டுகளாகச் சுருக்குகிறது. படுகொலை நிகழ்ந்தபோது அப்பகுதிச் செருமானிய மலைப்படையின் தலைவராயிருந்த ஹூபர்ட் லான்ஸ், 1948இல் நூரம்பர்க் நீதிமன்றத்தில் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று 1951இலேயே விடுதலையானார். இச்செய்திக்குப் படத்தில் இடமில்லை.