இமிக்ரேஷன் அதிகாரி வேலை: படிப்போடு பத்திரமும் வேண்டும்

சகார் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்துபவரை நம்மில் பலர் கஸ்டம்ஸ்காரர் என்றே நினைக்கிறோம். அவர் உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள குடியேற்றப் பணியகத்தைச் சேர்ந்தவர். இதை நடத்துவது ஐ.பி. எனப்படும் மத்திய உளவுத்துறை. ஆகவே 'இமிக்ரேஷன் ஆபீசர்' என்று தனி விளம்பரம் வருமெனக் காத்திருக்க வேண்டாம், ஐ.பி.யின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அதில் நம் பிள்ளைகளுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முதலாவது ஏ.சி.ஐ.ஓ. கிரேடு 2. ஏதாவதொரு பட்டம் போதும். வயது 18 முதல் 27. கொள்குறித் தேர்வு, கட்டுரைத் தேர்வு, நேர்முகம் என மூன்று படிகள். 2025-இல் 3,717 இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். இந்தியாவில் எங்கு போட்டாலும் போக வேண்டும்.

இரண்டாவது செக்யூரிட்டி அசிஸ்டென்ட். பத்தாவது தேறினால் போதும். 2025-இல் 4,987 இடங்கள். சுலபமாகத் தோன்றும் இந்த வாசலில்தான் நம்மவர் தடுக்கி விழுகிறார்கள். எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த மாநில இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். அங்குள்ள மொழியும் தெரிய வேண்டும். தமிழ் தெரியும் என்பதால் மட்டும் தாராவிப் பையன் சென்னைக்கு விண்ணப்பிக்க முடியாது. மும்பைக்கு என்றால் மராத்தியே கைகொடுக்கும். மொழிபெயர்ப்புத் தேர்வும் உண்டு என்பதால் மார்க்கெட் மராத்தி போதாது, எழுத வர வேண்டும்.

மகாராஷ்டிர டொமிசைலுக்கு 15 ஆண்டு வசித்த ஆதாரம் கேட்பார்கள். பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் வேண்டும். தாராவி, மாட்டுங்கா மும்பை நகர மாவட்டம். செம்பூர் புறநகர் மாவட்டம். அலுவலகம் மாறிப் போய் அலைய வேண்டாம். வாடகை வீடு மாறும்போது பழைய காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

பட்டியல் இனத்தவருக்கு 5, பிற்பட்டோருக்கு 3 ஆண்டு வயதுச் சலுகை உண்டு. அதற்கும் பெரும்பாலும் அப்பாவின் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழே அடிப்படை. ஊரில் பெட்டியில் கிடந்தால் அடுத்த விடுமுறையில் எடுத்து வாருங்கள்.

அறிவிப்பு வந்தபின் விண்ணப்பிக்கக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று வாரம். அதற்குள் சான்றிதழ் தேடி அலைந்தால் தேர்வுக்குப் படிப்பது எப்போது? பிள்ளை பத்தாவது படிக்கும்போதே காகிதங்களைச் சேர்த்து வைப்பது பெற்றோர் பொறுப்பு. மற்றதை நம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.