தேயிலைப் பொட்டலத்து முத்திரை எதற்குப் பொறுப்பேற்கிறது?

கண்டி வட்டாரத்துத் தேயிலை ஏற்றுமதிப் பொட்டலங்களில் சிங்கம், பச்சைத் தவளை, நீலமும் பச்சையும் சேர்ந்த வட்டம் ஆகிய முத்திரைகள் காணப்படுகின்றன. அவை சொல்லும் செய்தி ஒன்றல்ல. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, உள்ளிருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலை என்பதையும் இங்கேயே பொதி செய்யப்பட்டது என்பதையும் உறுதிப்படுத்துகிறதே தவிர, கொழுந்து பறித்தவரின் கூலியைப் பற்றிப் பேசுவதில்லை. தவளை, 1987இல் தொடங்கப்பட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பினுடையது. காடு, நீர், தொழிலாளர் உரிமை ஆகியவற்றுக்கான வேளாண் நியமங்களை அது வகுத்துள்ளது. வட்டம், 1988இல் நெதர்லாந்தில் கோப்பிக்கென மாக்ஸ் ஹவலார் என்ற பெயரில் தோன்றிய ஃபெயார்ட்ரேட், அதாவது நியாய வணிக முத்திரையின் வழிவந்தது.

நியாய வணிகத்தின் தனித்தன்மை, விலைக்கு மேலாகக் கொள்வனவாளர் செலுத்தும் கூடுதல் தொகையாகும். மிளகும் கிராம்பும் சாதிக்காயும் பலாவும் தேயிலையோடு கலந்து வளரும் கண்டிய வீட்டுத்தோட்டங்களை உடைய சிறு இயற்கை விவசாயிகள், தம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் அத்தொகையின் பயனைத் தாமே தீர்மானிக்கின்றனர். பெருந்தோட்டத்தில் தொழிலாளர் தெரிந்தெடுக்கும் குழு அதே பணியைச் செய்கிறது. ஆனால் நிலமும் லயன் எனப்படும் தோட்ட வரிசைக் குடியிருப்பின் அறையும் தமக்குச் சொந்தமில்லாதவர்கள் கையில் அப்பணம் பெறும் வலிமை, விவசாயி கையில் பெறும் வலிமைக்கு ஈடாகாது. நிர்வாகத்தின் சட்டக் கடமைக்கு அத்தொகையைச் செலவிடலாகாது என்று விதி இருப்பினும், ஒழுகும் கூரை யாருடைய கடமை என்பதில்தான் தோட்டத்து வழக்கு தொடங்குகிறது.

கூலியின் நிலை இதைவிடச் சிக்கலானது. 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்ட நாட்சம்பளத்தை வழங்குவது சட்டத்தை மதிப்பது மட்டுமே. குடும்பம் மானத்தோடு வாழப் போதுமான வாழ்வூதியத்தை நோக்கிப் படிப்படியாக நகர வேண்டும் என்று நியாய வணிக நியமம் கேட்கிறது. பறித்த கொழுந்து நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் முழுப்பேர் (முழுநாள் கூலி) அரைப்பேராகும் (அரைநாள் கூலியாகும்) வழக்கத்தைச் செக்ரோல் எனப்படும் வருகை, கூலிப் பதிவில் கண்டறிய, சில நாட்களே தங்கும் தணிக்கையாளருக்கு ஏட்டுடன் தொழிலாளியின் நம்பிக்கையும் தேவை; தொழிலாளி எம்மொழியில், யார் முன்னிலையில் பேசுகிறார் என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடும். போதாக்குறைக்கு, தணிக்கைக் கட்டணத்தைச் செலுத்துபவர் பெரும்பாலும் தணிக்கைக்கு உள்ளாகுபவரே.

முத்திரையைப் போலப் பதிவையும் சான்றாகக் காட்டும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு வரும்போது குழப்பம் வேறு வகையானது. தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவுசெய்வதற்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பெறப்படும் பதிவைச் சில அமைப்புகள் நற்சான்றுபோல் முன்வைத்தாலும், பதிவு சட்டத்தின் பார்வைக்குள் அமைப்பைக் கொண்டுவருகிறதேயன்றி அதன் நேர்மையை அளப்பதில்லை.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய சிறிய குறி ஒன்றுண்டு. நியாய வணிக முத்திரையின் அருகே அம்பு இருந்தால், பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். தேயிலைக்கு அனுமதிக்கப்படும் அளவுச் சமநிலை முறையில், சான்று பெற்ற கொழுந்தும் பெறாத கொழுந்தும் ஆலையில் கலக்கலாம். நியாய வணிகத்தின்படி வாங்கிய அளவுக்கு மேல் முத்திரையுடன் விற்கலாகாது என்பதே நிபந்தனை. பின்புறத்தில் அம்முறை குறிக்கப்பட்டிருந்தால், கையிலுள்ள தூள் சான்று பெற்ற தோட்டத்துக் கொழுந்திலிருந்தே வந்தது என்று கொள்ள முடியாது.